வால் இருக்கா பாரு!

எங்க ஹாஸ்டல் 14-ம் நம்பர் ரூமில் கொஞ்ச நாள் ஒரு மெக்ஸிகோ பிரஜை தங்கியிருந்தார். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, மெஸ் பில்லும் கட்டினது இல்லை. ரோஸ் கலர் உடம்பு, தலைக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு இறகு மாதிரி செவுள், எப்பப் பார்த்தாலும் சிரிக்கிற மாதிரியே ஒரு வாய். இனத்தோட பேரு ஆக்ஸலாட்டல். நாங்க வெச்ச பேரு பூந்தி.

ரூம்மேட் கார்த்திதான் ஓனர். சென்னைப் பையன். பிறந்த நாளுக்கு அவங்க அண்ணன் கொடுத்த காசுல பைக் டயர் மாத்துவான்னு பார்த்தா, ஒரு வளர்ப்பு மீன் கடையில இருந்து இதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். "மச்சான், இது மீன் இல்லைடா. சாலமாண்டர்!"

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. சாலமாண்டர்னா தவளைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஆனா பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். நம்ம நாட்டுல டார்ஜிலிங், வடகிழக்கு மலைகள் பக்கம் போனாத்தான் பார்க்க முடியும். ஆக்ஸலாட்டல் அந்தக் குடும்பத்திலேயே கொஞ்சம் வில்லங்கமான ஆள். தலைப்பிரட்டை வளர்ந்து தவளை ஆகுது இல்லையா, அந்த மாதிரி மத்த சாலமாண்டர்கள் செவுளை விட்டுட்டுக் கரை ஏறும். இது ஏறாது. செவுளோடவே தண்ணியிலேயே இருந்துக்கிட்டு, அந்தச் சின்னப் புள்ளை கோலத்திலேயே முட்டை போட்டுக் குடும்பமும் நடத்தும். ஸ்கூல் யூனிஃபார்மோட கல்யாண மேடை ஏறின மாதிரி! கால் போனா கால் முளைக்கும், வால் போனா வால் முளைக்கும். இதயம், மூளையில பாதிப்பு வந்தாக்கூட ஓரளவு சரிபண்ணிக்கும். அதனாலதான் உலகம் பூரா லேப்ல வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க. 2018-ல் இதோட ஜீனோமைப் படிச்சு முடிச்சப்ப, மனுஷனுடையதைவிடப் பத்து மடங்கு நீளம்னு தெரிஞ்சது.

இந்த நேரத்துலதான் எம்.எஸ்ஸி. செமினார் வந்தது. "அழிவின் விளிம்புல இருக்கிற ரெண்டு உயிரினம். ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து ஒப்பிட்டுப் பேசணும்"னு மேடம் சொல்லிட்டாங்க. கார்த்திக்குப் பிரச்னையே இல்லை, ரூமுக்குள்ளயே ஒண்ணு நீந்துது. எனக்கு? நான் புலி, யானைன்னு இழுத்தேன். மேடம் கண்ணாடியை இறக்கிட்டுக் கேட்டாங்க.

"உனக்கு எந்த ஊர் தம்பி?"

"சின்னமனூர் பக்கம், மேடம்."

"மேகமலைக்குக் கீழே இருந்துக்கிட்டு உனக்குப் புலி எதுக்கு? சலீம் அலி பழந்தின்னி வௌவால்னு கேள்விப்பட்டதே இல்லையா?"

இல்லை. சத்தியமா இல்லை. ஆனா வௌவால்னு சொன்னதும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல அந்த வௌவால் கதை. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு எஸ்டேட்காரர் ஹைவேவிஸ் மலையில, அதாவது நம்ம மேகமலையில, ஒரு வௌவாலைப் பிடிச்சார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. அங்கே பார்த்தவங்க, 'இது நம்ம ஊர்ல எல்லா இடத்திலும் பறக்கிற குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்தானே'ன்னு அந்தப் பேரை எழுதி லேபிள் கட்டிட்டாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. ஒரு வருஷம் இல்லை, ரெண்டு வருஷம் இல்லை, 24 வருஷம் அடுத்தவன் பேர்ல அது அங்கேயே கிடந்தது. அரியர் பேப்பர்ல நம்பர் மாறிப் போய் ரிசல்ட் வராம இருப்பாங்களே, அந்த மாதிரி!

கடைசியில அதைக் கண்டுபிடிச்சவர் தாய்லாந்துக்காரர். கிட்டி தோங்லாங்யா. அவர் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். மேல ஒரு ஜோடி வெட்டுப்பல், கீழ ஒரு ஜோடி. குறுமூக்கு வௌவாலுக்கு இதைவிட ஜாஸ்தி இருக்கும். பின்னாடி திருப்பிப் பார்த்தா வாலும் இல்லை. குறுமூக்குக்குச் சின்னதா ஒரு வால் உண்டு. காது ஓரத்துல வெளிறின கோடு உண்டு, இதுக்கு அதுவும் இல்லை. இது புது இனம் மட்டும் இல்லை, புதுப் பேரினமே என்று 1972-ல் அறிவிச்சு, நம்ம பறவை மனிதர் சலீம் அலியோட பேரை வெச்சார். வாழ்நாள் பூரா பறவை பின்னாடி சுத்தினவருக்குக் கடைசியில வௌவால்! (கிட்டி 1974-ல் இறந்துட்டார். அதுக்கப்புறம் உலகத்திலேயே ரொம்பக் குட்டியான ஒரு வௌவாலுக்கு அவர் பேரையும் வெச்சாங்க. வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனா நீயும் சேர்ந்து தொங்குன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, சரியாத்தான் இருக்கு.)

அதுக்கப்புறம் 1993-ல்தான் மறுபடி உயிரோட பார்த்தாங்க. இன்னிக்கு வரைக்கும் உலகத்துல இது இருக்கிறது மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குப் பகுதியில மட்டும்தான். மேகமலை, களக்காடு முண்டந்துறைன்னு விரல் விட்டு எண்ணிடலாம். காட்டு அத்தியும் ருத்திராட்சக் குடும்பத்து மரப் பழமும் சாப்பிட்டுக்கிட்டு, குகையில தொங்கிக்கிட்டு இருக்கு. காடு காபித் தோட்டமாவும் தேயிலையாவும் மாறினதுல அதோட சாப்பாடும் போச்சு, வீடும் போச்சு.

கார்த்தியோட ஆளுக்கும் வீடுதான் பிரச்னை. ஆனா அங்கே கதை வேற மாதிரி. மெக்ஸிகோ சிட்டின்னு இன்னிக்கு இருக்கிற ஊரே ஏரிகளுக்கு மேல நிக்கிறதுதான். ஆஸ்டெக் மக்கள் ஏரிக்குள்ள மண்ணையும் சேறையும் கொட்டி மேடாக்கி, அதுல விவசாயம் பண்ணினாங்க. சினாம்பான்னு பேர். நடுவுல ஓடின வாய்க்கால்கள்ல ஆக்ஸலாட்டல் ஜாலியா இருந்தது. ஸ்பெயின்காரங்க வந்ததுக்கு அப்புறம் ஏரிகளை வடிச்சாங்க. இப்போ மிச்சம் இருக்கிறது ஊருக்குத் தெற்கே ஸோச்சிமில்கோ வாய்க்கால்கள்தான். அதிலும் நகரத்துக் கழிவு கலக்குது. மக்களுக்கு மீன் கிடைக்கட்டும்னு நல்ல எண்ணத்துல திலாப்பியாவையும் கெண்டையையும் விட்டாங்க. அதுங்க ஆக்ஸலாட்டல் முட்டையை அல்வா மாதிரி முழுங்கிடுச்சுங்க. 1998-ல் கணக்கு எடுத்தப்ப ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000. 2014-ல் எடுத்தப்ப 36.

36! எங்க கிளாஸ்லயே அதைவிட ஜாஸ்தி பேர் இருக்கோம்.

ஆனா லேப்லயும் வீட்டுத் தொட்டிகள்லயும் இது உலகம் பூரா குவிஞ்சு கிடக்கு. 1860-கள்ல 34 ஆக்ஸலாட்டலைக் கப்பல்ல பாரிஸுக்குக் கொண்டுபோனாங்க. லேப்ல இருக்கிறதுல பெரும்பகுதி அந்தக் கூட்டத்தோட வாரிசு. சொந்தத்துக்குள்ளயே இனப்பெருக்கம் பண்ணி, நடுவுல வேற ஒரு சாலமாண்டரோடவும் கலந்து வளர்த்தது. நாம படத்துல பார்க்கிற அந்த ரோஸ் கலரே தொட்டிக்காரங்க தேர்ந்தெடுத்து வளர்த்த கலர். ஏரியில இருக்கிறது சேத்துக் கலர்ல இருக்கும். ஆக, எங்க ரூம்ல இருந்த பூந்தி நூத்தம்பது வருஷமா ஊருக்குப் போகாத என்.ஆர்.ஐ. குடும்பம்!

செமினார் அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். கார்த்தி முதல்ல ஏறினான். முதல் ஸ்லைடுலயே பூந்தி வீடியோ. கிளாஸே 'சோ ஸ்வீட்'. மைன்கிராஃப்ட் கேம்ல 2021-ல் ஆக்ஸலாட்டல் வந்ததைச் சொன்னான், பின் பெஞ்ச் விசில். அதே வருஷம் மெக்ஸிகோ 50 பெசோ நோட்டுல அதோட படத்தைப் போட்டாங்க, ஜனங்க செலவு பண்ண மனசு இல்லாம அந்த நோட்டைப் பத்திரப்படுத்தி வெச்சிருக்காங்கன்னு சொன்னான். கைதட்டல். மரணத்துக்குப் பயந்து ஓடின ஷோலோட்ல்ங்கிற ஆஸ்டெக் தெய்வம் ஒளிஞ்சுக்கிட்ட கடைசி உருவம்தான் இதுன்னு புராணத்தையும் எடுத்துவிட்டான். அப்பவும் கைதட்டல்.

அடுத்து நான். என்கிட்ட இருந்தது ஒரே ஒரு மங்கலான வௌவால் படம். காட்டின உடனே முன் பெஞ்ச்ல ஒரு பொண்ணு "ஐய"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பல்லு, வாலு, 24 வருஷம் எல்லாம் சொன்னேன். முடிச்சதும் மூணு கேள்வி. "இது கடிக்குமா?", "இதனால கொரோனா வருமா?", "இதால என்னப்பா யூஸ்?"

நான் பதில் சொன்னேன். அத்தி விதையை எச்சத்துல போட்டுக் காட்டை விதைக்கிறதே பழந்தின்னிங்கதான், நம்ம இலுப்பைப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை பண்றதும் வௌவால்தான், வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊருங்க நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்குன்னு. மார்க் என்னவோ ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தான். ஆனா சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை நான் மேடையில சொல்லலை.

எங்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கு. கருப்புப் பன்னீர். 2023-ல் புவிசார் குறியீடெல்லாம் வாங்கின அதே கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை. பழம் நிறம் கட்ட ஆரம்பிச்சா ராத்திரி வௌவால் வந்துடும். ஒரு கொத்துல நாலு பழத்தைச் சப்பிட்டு அடுத்த கொத்துக்குப் போயிடும். சாறு ஒழுகி மிச்சக் கொத்தும் கெட்டுடும், வியாபாரி கையை விரிச்சுடுவார். அதனால அப்பா பந்தலைச் சுத்தி நைலான் வலை கட்டுவார். காலையில வலையில சிக்கிக் கிடக்கிறதை எடுக்கிறது என் டூட்டி. எடுக்கிறதுன்னா... கம்பால ஒரு அடி, அப்புறம் குழி. ஒரு வௌவாலுக்கு அஞ்சு ரூபா.

ஆறாவது படிக்கிறப்ப ஒரே சீசன்ல 112 வௌவால். கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல கோடு கோடா போட்டு வெச்சிருந்தேன். 560 ரூபா. அதுல ஒரு கிரிக்கெட் பேட் வாங்கினேன். இந்த சிலேடை எனக்கு இங்கிலீஷ் மீடியம் கார்த்தி சொல்ற வரைக்கும் தோணவே இல்லை. சொல்லிட்டு அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

அப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது. அப்போ சட்டமே அப்படித்தான் இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்துல பழந்தின்னி வௌவால்களை அஞ்சாவது அட்டவணையில போட்டிருந்தாங்க. எலி, காக்கா இருக்கிற லிஸ்ட். தீங்கு செய்யும் பிராணி, யாரும் கொல்லலாம். சலீம் அலி வௌவாலுக்கு மட்டும் பின்னாடி பிரமோஷன் கொடுத்துப் புலி இருக்கிற முதல் அட்டவணைக்கு ஏத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க. 24 வருஷம் பெரிய மியூசியத்துக்காரங்களே வித்தியாசம் தெரியாம லேபிள் ஒட்டின ரெண்டு வௌவால். ஒண்ணைத் தொட்டா ஜெயில், இன்னொண்ணைக் கொன்னா அஞ்சு ரூபா. நடுவுல இருக்கிறது ஒரு துண்டு வால். அந்த அஞ்சாவது அட்டவணையையே 2022-ல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துட்டாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்திருக்கு. எங்க ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்காதீங்க.

2018-ல் கோழிக்கோட்டுல நிபா வந்தப்ப நான் பத்தாவது. அடுத்த மாநிலம்தானே, எங்க ஊர்லயும் பீதி. வௌவால் தங்குற ஆலமரத்தை வெட்டணும்னு டீக்கடையில பஞ்சாயத்து. வெட்டியிருப்பாங்க, மரத்தடியில கறுப்பசாமி இருந்ததால தப்பிச்சது. எங்க ஊர்ல வௌவாலைக் காப்பாத்துறது கறுப்பசாமிதான்.

பூந்தி கதைக்கு வர்றேன். ஆக்ஸலாட்டலுக்குத் தண்ணி 16-ல இருந்து 18 டிகிரியில இருக்கணும். மதுரை ஏப்ரல்ல பைப்பைத் திறந்தாலே வெந்நீர்தான். கார்த்தி பாட்டில்ல தண்ணி ஊத்தி மெஸ் ஃப்ரீஸர்ல உறைய வெச்சு, மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு தொட்டியில மிதக்க விடுவான். அலாரம் வெச்சு ராத்திரியெல்லாம் எழுந்திருப்பான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படி எழுந்து நான் பார்த்தது இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன கரன்ட் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் வந்தது. ஃப்ரீஸர்ல இருந்ததெல்லாம் தண்ணியாப் போச்சு. பூந்தியோட செவுள் சுருங்கிடுச்சு. அப்படியே மேலே மிதக்க ஆரம்பிச்சது. நான் நோட்டை எடுத்து விசிறிக்கிட்டே இருந்தேன், என்ன பிரயோஜனம்.

திங்கட்கிழமை வேப்ப மரத்தடியில புதைச்சோம். ஹாஸ்டல்ல பாதிப் பேர் வந்தாங்க. கண்டுக்கவே கண்டுக்காத வாட்ச்மேன் அண்ணன்கூடக் குழி தோண்டிக் கொடுத்தார். கார்த்தி தேம்பித் தேம்பி அழுதான். "ரசீதுகூடக் கொடுக்கலைடா அந்தக் கடைக்காரன். நானும் கேட்கலை"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினம் வளர்த்தா அரசாங்கத்துல பதிவு பண்ணணும்னு 2024-ல் விதி வந்திருக்குன்னு செமினாருக்குப் படிக்கிறப்பதான் எங்களுக்கே தெரியும்.

அவன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறப்ப, எனக்குக் கண்ணுல ஒரு சொட்டு வரலை. 112 தடவை குழி தோண்டினவன் நான். அதுல ஒண்ணுகூட முகம் ஞாபகம் இல்லை. நிஜமாச் சொன்னா, பழந்தின்னிக்கு அழகான முகம். நாய்க்குட்டி மூஞ்சி, பெரிய கண்ணு. தாய் வௌவால் வயித்துல குட்டியை ஒட்ட வெச்சுக்கிட்டே பறக்கும். வலையில ரெண்டும் சேர்ந்து சிக்கும். அப்பா அதுக்கு ஒரே கணக்குதான், அஞ்சு ரூபா. நான் பத்து ரூபா கேட்டு சண்டை போட்டிருக்கேன்.

செமஸ்டர் லீவுல முதல் வேலையா மேகமலைக்குப் பஸ் ஏறினேன். 18 கொண்டை ஊசி வளைவு. மேல போக போகத் தேயிலை, தேயிலை, தேயிலை. நடுவுல அங்கங்கே திட்டுத் திட்டாக் காடு. 2021-ல் இருந்து இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். ராத்திரி தங்கிக் காட்டுக்குள்ள சுத்த என்னை யாரும் விடப்போறது இல்லை, விடவும் கூடாது. டீக்கடையில உட்கார்ந்திருந்த ஒரு எஸ்டேட் தாத்தாகிட்ட சலீம் அலி வௌவால் பத்திக் கேட்டேன்.

"வவ்வாலுல என்னய்யா சாதி? எல்லாம் தலைகீழாத் தொங்குற பயலுகதான்"ன்னார்.

நாலு டீ குடிச்சுட்டு இறங்கி வந்துட்டேன். பார்க்கலை. நம்ம வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியுற மலையில அது இருக்கு, அது போதும்னு பஸ்ல தோணுச்சு. பத்து நிமிஷத்துல போதாதுன்னும் தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரி பந்தல்ல எனக்குக் காவல். அப்பா மோட்டார் ரூம்ல படுத்துட்டார். பதினோரு மணி இருக்கும், வலையில படபடன்னு சத்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒண்ணு சிக்கியிருக்கு. றெக்கை பூரா நைலான் சுத்தி, வாயில ஒரு திராட்சை இன்னும் அப்படியே இருக்கு. சாக்கைக் கையில சுத்திக்கிட்டுப் பிடிச்சேன் (வெறும் கையால தொடாதீங்க, கடிச்சா ஊசி போடணும்). அதுவரைக்கும் எனக்கே தெரியாம என் கை ஒரு வேலை பண்ணுச்சு. திருப்பிப் போட்டு வால் இருக்கான்னு பார்த்தேன்.

மலைமேல இருக்கிறது இந்தச் சூட்டுக்கு இறங்கி வராதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். செமினார்லயே சொல்லியிருக்கேன். ஆனாலும் பார்த்தேன்.

இருந்தது. குட்டியா, ஒரு விரல் நகம் அளவுக்கு வால். காது ஓரத்துல வெள்ளைக் கோடு.

'ச்சே, சாதாரணம்'னு மனசு சொல்லுச்சு. சத்தியமாச் சொல்றேன், சொல்லுச்சு. பிடி கொஞ்சம் தளர்ந்தது. அப்போ அது டார்ச் வெளிச்சத்துல என்னையே பார்த்துக்கிட்டு இருந்தது. மூச்சு விடுறது சாக்கு வழியாத் தெரிஞ்சது. வேப்ப மரத்தடியில வராத அழுகை, யாரும் இல்லாத பந்தல்ல வந்து தொலைச்சது.

பழம் வெட்டுற கத்தரிக்கோலை எடுத்தேன். றெக்கையில சுத்தின நூலை ஒவ்வொண்ணா வெட்டினேன். இருபது நிமிஷம் ஆச்சு. வலையில ஒரு தலை நுழையுற அளவுக்கு ஓட்டை. கடைசி நூல் அறுந்ததும் கையை விரிச்சேன். கொஞ்ச நேரம் அப்படியே தொங்கிட்டு, பொசுக்குன்னு ஆலமரம் இருக்கிற திசையில போயிடுச்சு. திராட்சையைக் கீழே போடலை.

விடியக்காலம் அப்பா ஓட்டையைப் பார்த்துட்டார்.

"என்னடா இது?"

"நான்தான்ப்பா வெட்டினேன்."

"வலை என்ன விலை தெரியுமாடா?"

"தெரியும்ப்பா. 560 ரூபா நான் தரணும்ல, அதுல கழிச்சுக்கங்க."

அப்பாவுக்குப் புரியலை. என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "ஊர்ல அந்த ஓடைப்பட்டிக்காரன் கொத்துக்குக் கொத்துத் துணிப்பை கட்டுறானாம், வவ்வால் தொடலையாம். என்ன செலவு ஆகும்னு கேட்டுட்டு வா"ன்னுட்டு மோட்டார் போடப் போயிட்டார்.

கேட்டுட்டு வந்தேன். செலவு ஜாஸ்திதான். இந்த சீசனுக்கு அரை ஏக்கருக்கு மட்டும் கட்டியிருக்கோம். மிச்ச அரை ஏக்கர்ல வலை இருக்கு. லீவு முடியுற வரைக்கும் ராத்திரி காவல் நான்தான், பாக்கெட்ல கத்தரிக்கோல் இருக்கு.